மையும் காயமும்

முதல் உலகப் போரில் மாண்ட மாணவர்களின் நினைவாக, பன்னாட்டு அரசியலுக்கென உலகின் முதல் பேராசிரியர் இருக்கை 1919இல் வேல்ஸின் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகக் கல்லூரியில் உருவானது. அந்தப் போரை முடித்துவைத்த வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானதும் அதே ஆண்டில்தான். இருபதே ஆண்டுகளில் மீண்டும் போர்.

உடன்படிக்கையில் மை காய நொடிகள் போதும். மனத்தின் காயம் ஆறத் தலைமுறைகள் வேண்டும். போர் தொடங்கிய தேதியைச் சொல்லித் தருவது எளிது; அதைத் தவிர்த்திருக்கக்கூடிய தருணத்தைக் காட்டித் தருவது அரிது. வென்றவர் எழுதிய வரலாற்றைத் தோற்றவர் கண்ணாலும் படிப்பதே கல்வி.

வகுப்பறையால் போரை நிறுத்த முடியாது. எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் இருக்கலாம் என எண்ணும் மனிதரை அதனால் உருவாக்க முடியும். அமைதி அங்கிருந்துதான் தொடங்குகிறது.