குடிக்காதவனின் வண்டி

 

சென்ற வாரம் அஸருக்குப் பின் ஒரு வாலிபர் தனியே வந்தார். சொந்தமாகச் சரக்கு வேன் ஓட்டுபவர். "ஹஜ்ரத், ராத்திரியில வாளையார் தாண்டி ஒரு லோடு போகணுமாம். காய்கறிக்கு அடியில கேன் இருக்கும். வாடகை மூணு மடங்கு. நான் அதைத் தொட்டதுகூட இல்லை. வண்டிக்கு ரெண்டு மாசத் தவணை நிக்குது" என்றார்.

குடிக்காதவன் சுமந்தால் என்ன குற்றம்? இதுதான் அவருடைய கேள்வி.

1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தது. மது தயாரிப்பது, விற்பது, கொண்டுசெல்வது எல்லாம் குற்றம். குடிப்பது மட்டும் குற்றமில்லை! தாகத்தை அப்படியே விட்டுவிட்டு வழியை அடைத்தார்கள். சுமப்பவனின் கூலி ஏறியது. அந்தக் கூலிக்காகக் கும்பல்கள் மோதிக்கொண்டன. 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் மோரன் கும்பலோடு தொடர்புடைய 7 பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். சுட வந்தவர்களில் சிலர் போலீஸ் உடையில் இருந்தார்கள். அந்தக் கொலைக்காக யாருமே தண்டிக்கப்படவில்லை.

மதுவின் மூலம் ஷைத்தான் பகையை மூட்டுகிறான் என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 91ஆம் வசனம் எச்சரிக்கிறது. குடித்தவனின் சண்டையை மட்டும்தான் நாம் நினைக்கிறோம். விற்றவர்களின் பகையும் அதில் அடங்காதா?

நம் மண்ணுக்கும் இது புதிதல்ல. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். இன்றைய நாமக்கல்லும் அன்று அதில்தான் இருந்தது. 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது. பின்னர் அரசே கடை நடத்தத் தொடங்கியது. அப்போதும் கள்ளச்சாராயம் ஒழியவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அந்த மெத்தனாலும் ஏதோ ஒரு வண்டியில்தானே வந்திருக்கும்?

மதீனாவில் தடை அறிவிக்கப்பட்டபோது, அபூதல்ஹா (ரலி) வீட்டில் மது ஊற்றிக்கொடுத்துக் கொண்டிருந்தவர் அனஸ் (ரலி). அறிவிப்பு காதில் விழுந்ததும் இருந்ததையெல்லாம் கொட்டினார்கள், தெருவில் ஓடியது. ஒளித்துவைத்து நாளை கூடுதல் விலைக்கு விற்க யாரும் கணக்குப் போடவில்லை. மது விஷயத்தில் நபி (ஸல்) அவர்கள் பத்துப் பேரைச் சபித்தார்கள் என்று திர்மிதியில் வருகிறது. குடிப்பவன் அதில் ஒருவன்தான். பிழிபவன், விற்பவன், அதன் கிரயத்தை உண்பவன், சுமப்பவன் எல்லோரும் அதே பட்டியலில் இருக்கிறார்கள்.

அமெரிக்கச் சட்டம் குடிப்பவனை விட்டுவிட்டது. நாமோ குடிப்பவனை முகம் சுளித்து ஒதுக்குகிறோம். வாடகை வாங்குபவனிடம் ஒன்றும் கேட்பதில்லை.

அந்த வாலிபரிடம், "காய்கறி மட்டும் என்றால் மூன்று மடங்கு தருவார்களா?" என்று கேட்டேன். தலைகுனிந்தார். "போக மாட்டேன் ஹஜ்ரத். ஆனா தவணை?" என்றார். ஹராம் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். தவணைக்குப் பதில் என் கையில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது. தொழுகை முடிந்ததும் பைத்துல்மால் பொறுப்பாளர்களோடு உட்காருகிறோம். கடை வைத்திருப்பவர்களும் வாருங்கள். ஏற்றியனுப்பச் சரக்கு இருந்தால் சொல்லுங்கள். வண்டி வெளியேதான் நிற்கிறது.