யோகெபேத்துக்குக் கிடைத்த சம்பளம்

தியானப் பகுதி: யாத்திராகமம் 2:1-10

இந்த மாதம் ஆவியானவர் என் இருதயத்தில் பாரமாய் வைத்த ஒரு காரியத்தை எழுதுகிறேன். முதலாவது இது எனக்கே வந்த செய்தி. அதற்குப் பிறகுதான் உங்களுக்கு.

நைல் நதி ஓரத்தில் நாணற்பெட்டிக்குள் அழுத பிள்ளையை நமக்கெல்லாம் தெரியும். ஞாயிறு பள்ளியில் படித்ததுதான். ஆனால் 9-ம் வசனத்தில் ஒரு சின்ன வார்த்தையை நாம் தாண்டிப் போய்விடுகிறோம். பார்வோனின் குமாரத்தி அந்தப் பிள்ளையைக் கையில் எடுத்தாள். அரண்மனையில் பணிவிடைக்காரிகளுக்குக் குறைவா? நேரே கொண்டுபோயிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. பெற்ற தாயின் கையிலேயே பிள்ளையைக் கொடுத்து, பாலூட்டி வளர்க்கச் சொல்லி, அதற்குச் சம்பளமும் தருவதாகச் சொன்னாள். அவள்தான் தாய் என்று தெரிந்து கொடுத்தாளோ, தெரியாமல் கொடுத்தாளோ, வேதம் சொல்லவில்லை. ஆனால் அதைச் செய்வித்தவர் கர்த்தர். அல்லேலூயா!

பிரியமானவர்களே, கவனியுங்கள். அரண்மனையின் பணம் தாயின் வீட்டுக்குப் போயிற்று. தாயின் பிள்ளை பணத்துக்காகப் பிரிக்கப்படவில்லை. இதுதான் தேவ ஒழுங்கு.

நான் செய்த பாவம்

பல வருஷங்களுக்கு முன்பு, ஊழியம் தொடங்கின புதிதில், எங்கள் சபைக்கு ஒரு விதவைச் சகோதரி வருவார்கள். உப்பளத்தில் கூலி வேலை. புருஷன் இறந்து வருஷம் திரும்பவில்லை. இரண்டு ஆண்பிள்ளைகள். மழைக்காலம் வந்தால் வேலை கிடையாது, அடுப்பும் எரியாது. அவர்களுக்காக ஜெபித்தேன், அரிசியும் வாங்கிக் கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அக்கா, மூத்தவனை ஒரு ஹோமுக்கு அனுப்பிருங்க. சாப்பாடு, படிப்பு, பாட்டு, ஜெபம் எல்லாம் உண்டு" என்று நானே சொன்னேன். நானே கடிதம் எழுதிக் கொடுத்தேன். பஸ் ஏறும்போது பிள்ளை தாயின் சேலையை விடவில்லை. அந்த அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்து அழுதார்கள். அப்போது நான், லோத்தின் மனைவியைப் போலத் திரும்பிப் பார்க்காதீங்க என்று சொல்லிப்போட்டேன். ஐயோ! கர்த்தருடைய வசனத்தை ஒரு தாயின் கண்ணீருக்கு விரோதமாய்ப் பிரயோகித்தேன்.

மூன்று மாதம் கழித்து அந்த அம்மா பிள்ளையைப் பார்க்கப் போனார்கள். உள்ளே விடவில்லை. அலுவலக அறையில் வெளிநாட்டாருக்கு அனுப்ப அச்சடித்த தாள் ஒன்று கிடந்தது. அதிலே அவன் போட்டோ. கீழே, தாய் தகப்பன் இல்லாத அநாதை என்று எழுதியிருந்தது. நேரே என் வீட்டுக்கு வந்தார்கள். சத்தம் போடவில்லை, சாபமிடவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: "ஐயா, நான் செத்தா போயிட்டேன்?"

நான் வாயடைத்து நின்றேன். மறுநாளே போய்ப் பிள்ளையைக் கூட்டிவந்தோம். ஆனால் போனதுபோல அவன் திரும்பி வரவில்லை. இன்றைக்கு அவன் வாலிபன். வழியில் என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். அவன் தாய் என்னை மன்னித்துவிட்டார்கள். அவன் மன்னிக்க வேண்டும் என்று இன்றும் ஜெபிக்கிறேன்.

நம் மாநிலத்தின் பேரில் ஒரு வழக்கு

இது என் ஒருவனுடைய தவறு மாத்திரமா? 2007-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு தொடங்கிற்று. தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் பிள்ளைகள் சுரண்டப்படுவது என்பதே அந்த வழக்கின் பெயர். நம் மாநிலத்தின் பெயரைத் தலையில் சுமந்துகொண்டு அந்த வழக்கு பத்து வருஷம் நடந்தது. அதற்குள்ளே 2010 ஜனவரியில், நம்முடைய கன்னியாகுமரி மாவட்டத்திலேயே, அனுமதி இல்லாத ஒரு இல்லத்திலிருந்து அசாம், மணிப்பூர் மாநிலத்துப் பிள்ளைகள் 76 பேர் மீட்கப்பட்டார்கள். எங்கே மணிப்பூர், எங்கே குமரி! தாயின் பாஷை பேச ஒருவரும் இல்லாத இடத்தில் அந்தப் பிள்ளைகள் ராத்திரியில் யாரைக் கூப்பிட்டிருப்பார்கள்?

2017 மே 5-ம் தேதி நீதிபதிகள் மதன் பி. லோகூர், தீபக் குப்தா இருவரும் தீர்ப்பு சொன்னார்கள். எல்லாக் குழந்தைகள் இல்லங்களும் அந்த வருஷ முடிவுக்குள் பதிவு செய்யப்பட வேண்டும் என்றார்கள். பிள்ளைகளை இல்லங்களில் அடைத்து வைப்பதைத் தவிர வேறே வழிகளையும் பார்க்க வேண்டும் என்றார்கள். உலக நீதிமன்றம் பேசிற்று என்று தள்ளாதேயுங்கள். ஜனம் மௌனமாயிருந்தபோது கர்த்தர் பிலேயாமின் கழுதையைக் கொண்டும் பேசினாரே!

சட்டம் என்ன சொல்லுகிறது?

நம் தேசத்தில் பிள்ளைகளுக்கான சட்டம் புதிதல்ல. 1920-லேயே சென்னை மாகாணத்தில் குழந்தைகள் சட்டம் வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம். 2016 ஜனவரி 15 முதல் அமலில் இருக்கிறது. அதன் அஸ்திபாரமான கொள்கைகளில் ஒன்று, பிள்ளைக்கு முதலாவது குடும்பம், இல்லம் என்பது கடைசி வழி. விசுவாசிகளும், விசேஷமாய் என் உடன் ஊழியர்களும் அறிந்திருக்க வேண்டிய சில காரியங்களை எழுதுகிறேன்.

1. பதிவு செய்யாமல் குழந்தைகள் இல்லம் நடத்தினால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். "ஊழியம் செய்கிறோம், பதிவு என்னத்துக்கு?" என்று கேட்க முடியாது.

2. கைவிடப்பட்ட பிள்ளை, வழி தப்பின பிள்ளை, ஆதரவற்ற பிள்ளை கண்ணில் பட்டால் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். 1098 என்ற எண்ணுக்கோ, போலீசுக்கோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ சொல்லலாம். பிள்ளையை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கிறது தலைவரும் நான்கு உறுப்பினர்களும் அடங்கிய அந்தக் குழு. பாஸ்டர் அல்ல.

3. பிள்ளையில்லாத தம்பதிகள் "ஐயா, ஒரு குழந்தை ஏற்பாடு பண்ணித் தாங்க" என்று கேட்கிறார்கள். அன்னாளின் கண்ணீர் எனக்குத் தெரியும். ஆனால் ஆஸ்பத்திரியில் கைமாற்றி வாங்குவது குற்றம். குழந்தையை விற்பதற்கும் வாங்குவதற்கும் ஐந்து வருஷம் வரை கடுங்காவல் உண்டு. முன்னே கிறிஸ்தவர்களாகிய நமக்குத் தத்தெடுக்கத் தனிச் சட்டம் இல்லை. 1890-ம் வருஷத்துச் சட்டப்படி காப்பாளராக மாத்திரம் இருக்கலாம். இன்றைக்கோ இளைஞர் நீதிச் சட்டத்தின் மூலம் முழு உரிமையோடு தத்தெடுக்கலாம். 2022 செப்டம்பர் முதல் தத்து உத்தரவைக் கலெக்டரே கொடுக்கிறார். நேர்வழி திறந்திருக்கும்போது பின்வாசல் எதற்கு?

4. பெற்ற தாய் பிள்ளையை ஒப்படைத்தாலும், மனம் மாறித் திரும்பப் பெற அவளுக்கு இரண்டு மாதம் தவணை உண்டு. சட்டத்துக்கு இருந்த இரக்கம் அன்றைக்கு எனக்கு இல்லையே!

அன்னாள் சாமுவேலைக் கொடுத்தாளே?

சிலர் இப்படிக் கேட்பார்கள். நன்றாய்க் கேளுங்கள். அன்னாள் பஞ்சத்துக்காகப் பிள்ளையைக் கொடுக்கவில்லை. பொருத்தனையினால் கொடுத்தாள். கொடுத்த பின்பும் வருஷந்தோறும் ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டு அவனைப் பார்க்க வந்தாள். அவளை யாரும் வாசலில் நிறுத்தவில்லை. வருஷத்துக்கு வருஷம் பிள்ளை எவ்வளவு வளர்ந்தான் என்று அந்தத் தாய்க்கு அளவு தெரிந்திருந்தது!

இன்னொன்றும் உண்டு. சாமுவேல் வளர்ந்த அதே பரிசுத்த ஸ்தலத்தில்தான் ஏலியின் குமாரர் அக்கிரமம் செய்தார்கள். ஏலிக்குத் தெரியும். வாயால் கண்டித்தான், ஆனால் தடுக்கவில்லை. ஆகையால் கர்த்தர் அவன் வீட்டை நியாயந்தீர்த்தார். 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டமும் இதையே கேட்கிறது. பிள்ளைக்குப் பாலியல் தீங்கு நடந்தது என்று அறிந்தவன் சொல்லாமல் மறைத்தால் அவனும் குற்றவாளி. சபைக்கு அவமானம் வரும் என்று மூடாதேயுங்கள். மூடினதினால்தான் ஏலிக்கு அவமானம் வந்தது.

இன்றைக்கு யோகெபேத்துக்குச் சம்பளம் உண்டு

நல்ல செய்தி சொல்லுகிறேன், கேளுங்கள். மிஷன் வாத்சல்யா திட்டத்தில், விதவையான தாயோ, கைவிடப்பட்ட தாயோ தன் வீட்டிலேயே பிள்ளையை வளர்க்க, வருமான வரம்புக்கு உட்பட்டு மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளைகளுக்குத் தமிழக அரசு 2025 செப்டம்பரில் அன்புக் கரங்கள் என்ற திட்டத்தைத் தொடங்கி, மாதம் 2,000 ரூபாய் கொடுக்கிறது. அரண்மனையின் பணம் திரும்பவும் தாயின் வீட்டுக்கு வருகிறது. ஸ்தோத்திரம்! ஆனால் எத்தனை தாய்மாருக்கு இது தெரியும்? விண்ணப்பம் எழுதத் தெரியாது, நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் படி ஏறப் பயம். அன்றைக்கு அரண்மனைக்கும் குடிசைக்கும் நடுவே ஓடினது மிரியாம் என்ற சின்னப் பெண். அந்த வேலையைத்தான் இன்றைக்கு சபை செய்ய வேண்டும்.

உறவே இல்லாத பிள்ளைகளுக்கு வளர்ப்புப் பராமரிப்பு என்ற வழியும் சட்டத்தில் உண்டு. குழந்தைகள் நலக் குழு விசாரித்து, ஒரு குடும்பத்தில் பிள்ளையை வாழ வைக்கிறது. 2024-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 35 முதல் 60 வயது வரை உள்ள தனி நபர்களும் விண்ணப்பிக்கலாம். முன்பு ஐந்து வருஷம் வளர்த்த பிறகே தத்தெடுக்க முடியும், இப்போது இரண்டு வருஷம் போதும். மொர்தெகாய் எஸ்தரை வளர்த்தான். யோசேப்பு நம்முடைய ஆண்டவரையே தன் வீட்டில் வளர்த்தான். வளர்த்தவர்களை வேதம் மறக்கவில்லை.

பிரியமானவர்களே, சபையின் மாடியில் பிள்ளைகளுக்கு இல்லம் கட்ட வேண்டும் என்று ஒரு காலத்தில் நான் உபவாசித்து ஜெபித்தேன். இப்போது அந்த ஜெபத்தை மாற்றிக்கொண்டேன். மாடியில் ஒரு மேஜை, நாற்காலி போட்டிருக்கிறோம். சனிக்கிழமை சாயங்காலம் நம் வாலிபப் பிள்ளைகள் உட்கார்ந்து தாய்மாருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறார்கள். எந்த மதத்துத் தாயும் வரலாம். ஜெபம் கேட்டால் ஜெபிப்போம். கேட்காவிட்டாலும் எழுதிக் கொடுப்போம்.

நம்ம பழையாறு சுசீந்திரத்தைத் தாண்டி மணக்குடியில் கடலோடு சேருகிறது. தண்ணீர் கடலுக்குப் போகிறதுபோலப் பிள்ளைகள் நம் கையை விட்டுப் போகக் கூடாது. உங்கள் தெருவில் நாணற்பெட்டிக்குள் அழுகிற பிள்ளை யார் என்று பாருங்கள். அவனுடைய தாய் எங்கே என்று முதலாவது தேடுங்கள்.

ஜெபிப்போம்: திக்கற்றவர்களின் தகப்பனே, நாங்கள் பிரித்த பிள்ளைகளுக்காக எங்களை மன்னியும். அந்த வாலிபனின் இருதயத்தை ஆற்றும். தாய்மாரின் கையைப் பலப்படுத்தும். எங்கள் வீட்டு வாசல்களைத் திறந்தருளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.