பாட்டு யாருக்குச் சொந்தம்?

சம்பா என்றதும் நமக்கு நெல்தான் ஞாபகம் வரும். நான் சொல்ல வந்தது பிரேஸில் நாட்டுச் சம்பாவைப் பற்றி. பாட்டு, தாளம், ஆட்டம் மூன்றும் பிரிக்க முடியாதபடி சேர்ந்த கலை அது. அதன் வரலாற்றைப் படித்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பிரேஸிலில் அடிமை முறை 1888-இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அதற்கு முன்னும் பின்னுமாக, பாயியா மாநிலத்திலிருந்து ஆப்பிரிக்க வம்சத்தினர் பலர் பிழைப்புத் தேடி, அன்று தலைநகரமாக இருந்த ரியோ டி ஜெனீரோவுக்கு வந்து சேர்ந்தார்கள். 1854-இல் பிறந்த சியாத்தா அவர்களில் ஒருவர். தெருவில் பலகாரம் விற்றவர். எல்லோருக்கும் அவர் 'சியாத்தா அத்தை'. மாலை நேரங்களில் அவர் வீட்டில் பாட்டுக்காரர்கள் கூடுவார்கள். ஏழைக் கறுப்பர்களின் கொட்டு முழக்கத்தைப் போலீஸார் சந்தேகத்தோடு பார்த்த காலம் அது. அதனால் முன்கூடத்தில் கௌரவமான நடனமும் பின்கட்டில் சம்பாவும் நடக்குமாம்!

அங்கே ஒருவர் ஓர் அடி எடுத்துக் கொடுப்பார். இன்னொருவர் அதை வளர்ப்பார். மற்றவர்கள் கைதட்டித் திருத்துவார்கள். அப்படி உருவான ஒரு பாட்டை, 1916 நவம்பரில், அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த டோங்கா என்பவர் தேசிய நூலகத்தில் தம் பெயரில் பதிவு செய்துவிட்டார். 'டெலிபோன் மூலம்' என்பது அந்தப் பாட்டின் தலைப்பு. 1917-ஆம் ஆண்டுத் திருவிழாவில் ஊரே அதைப் பாடிற்று. பின்கட்டில் பிறந்த குழந்தை தெருவுக்கு வந்து கொடிகட்டிப் பறந்தது. உடனே சண்டையும் பிறந்தது. பாட்டு எங்களுடையது என்று மற்றவர்கள் கொதித்தார்கள்.

டோங்கா செய்தது திருட்டா? சட்டென்று ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெயரைப் பதிந்துகொள்ளாதவர்களின் கதியையும் பார்க்கிறோமே! இஸ்மாயெல் சில்வா தம் பாட்டுகளைப் புகழ்பெற்ற பாடகர் ஒருவருக்குக் காசுக்கு விற்றார். மங்கேரா சம்பாப் பள்ளியை 1928-இல் தோற்றுவித்தவர்களில் ஒருவரான கார்த்தோலாவும் பாட்டுகளை விற்றவர்தாம். 1950-களில் ஒரு பத்திரிகையாளர் அவரைக் கண்டபோது, அந்த மகாகலைஞர் கார் கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய சொந்த இசைத்தட்டு வெளிவந்தது 1974-இல். அப்போது வயது அறுபத்தைந்து. ஏழைக்குத் தன் பெயர் ஒன்றுதான் சொத்து. அதையும் எழுதி வைக்காதே என்று சொல்ல நாம் யார்?

ஆனால் இந்த வழக்கில் நீதிபதியாக உட்கார எனக்கு யோக்கியதை இல்லை. இளம் வயதில், எங்கள் தெருவில் முறுக்கு விற்ற பாட்டி ஒருத்தி சொன்ன கதையை நான் எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். வார்த்தைகள் என்னுடையவை. கதையின் உயிர் அவளுடையது. சன்மானமாகப் பதினைந்து ரூபாய் வந்தது. கதாசிரியர் என்ற பெயரும் வந்தது. பாட்டிக்கு முறுக்குக்கான காசைத் தவிர நான் எதுவும் கொடுக்கவில்லை.

ரியோ சம்பாவுக்கு மூத்தது பாயியாவின் வட்டச் சம்பா. எல்லோரும் வட்டமாக நின்று கைதட்டிப் பாட, ஒருவர் நடுவில் ஆடுவார். ஆடி முடித்ததும், வட்டத்தில் நிற்கும் ஒருவர் முன் போய், வயிற்றோடு வயிறு படுகிற மாதிரி சைகை காட்டி அழைப்பார். இனி அந்த இடம் அவருக்கு. இந்த ஆட்டத்தை 2005-இல் யுனெஸ்கோ மனித குலத்தின் பொதுச் செல்வமாகப் போற்றியது.

இதில்தான் எனக்கு விடை கிடைத்தது. நடுவில் ஆடுவது பாவம் அல்ல. யாராவது ஆடித்தானே ஆக வேண்டும்? டோங்கா பதியாமல் இருந்திருந்தால் அந்தப் பாட்டு காற்றோடு போயிருக்கலாம். நான் எழுதாமல் இருந்திருந்தால் பாட்டியின் கதையும் அவளோடு போயிருக்கும். ஆனால் சுற்றி நின்று கைதட்டியவர்களை மறந்துவிட்டு, நடு இடத்துக்கே பட்டா எழுதிக்கொள்கிறோமே, அதுதான் பாவம்.

அந்தக் கதையை இப்போது மறுபதிப்புக்குக் கொடுத்திருக்கிறேன். கீழே பாட்டியின் பெயரையும் போட்டுவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். ஊருக்கெல்லாம் அவள் 'முறுக்குப் பாட்டி'. அவளுடைய உண்மைப் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை.