உப்பு பார்க்கும் கை

வலியசாலை அக்கிரகாரத்துக் கல்யாணங்களில் சமையல் வேலையைப் பல கைகளுக்குப் பிரித்துக் கொடுத்தாலும், உப்பு பார்க்கத் தலைமைச் சமையல்காரர் அடுப்படியிலேயே நிற்பார். போயிங் தன் 787 விமானத்தில் சறுக்கியது அங்கேதான். இறக்கை ஜப்பானில், உடலின் நடுப்பகுதிகள் இத்தாலியில் என்று தயாரிப்பைப் பிரித்தது சரி. விரிவான வடிவமைப்பையும் மேற்பார்வையையும் சேர்த்தல்லவா கைவிட்டது! 2007 ஜூலை 8 அன்று ஊரைக் கூட்டிக் காட்டிய விமானம் உள்ளே வெறும் கூடு. பாகங்களைத் தற்காலிக ஆணிகள்தான் பிடித்துக்கொண்டிருந்தன. அது வானேறியது 2009 டிசம்பர் 15இல். அதே ஆண்டு, பின்னுடலைச் செய்த தென் கரோலினா ஆலையைப் போயிங்கே விலைக்கு வாங்கியது. ஏர் இந்தியா 2008இல் எதிர்பார்த்த முதல் 787, டில்லியில் இறங்கியபோது 2012 செப்டம்பர் ஆகியிருந்தது.