பூட்டுப் போட்டவரின் கடன்

2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் இயங்கிவந்த ஒரு கருணை இல்லம் தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்டது. காய்கறி மூட்டைகளும் ஒரு சடலமும் ஏற்றிவந்த வேனில் உயிரோடு முதியவர்களும் இருந்தது தெரியவந்ததும், இல்லத்தின் மீது அடுக்கடுக்காகக் குற்றச்சாட்டுகள் எழுந்தன. அதிகாரிகள் உள்ளே போனார்கள். சில நாட்களுக்குள் அங்கிருந்த சுமார் 300 பேரும் வண்டிகளில் ஏற்றப்பட்டு வெவ்வேறு காப்பகங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். இல்லம் நடந்த விதம் பற்றி வாதங்கள் நீண்டன. ஏற்றி அனுப்பப்பட்டவர்கள் எந்த ஊரில் இறங்கினார்கள், யார் யாரை விட்டுப் பிரிந்தார்கள் என்ற விசாரிப்பு அந்த அளவுக்கு எழவில்லை. ஒரு காப்பகத்தை மூடுவது சரியா தவறா என்று முடிவுசெய்யச் சட்டமும் ஆய்வு அறிக்கையும் உதவும். மூடிய மறுநாள் காலையில் அங்கிருந்தவர்களுக்கு யார் பொறுப்பு என்பதுதான் மனசாட்சியிடம் கேட்க வேண்டிய கேள்வி.

மூடுகிறவர் யாரோ, அவரே பழைய காப்பாளரின் வாக்கையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார். முதிய வயதில் ஒரு காப்பகத்துக்குள் வருகிறவர் வெறுங்கையோடு வருவதில்லை. திரும்பிப் போகும் வழியை அடைத்துவிட்டு வருகிறார். வாடகை வீட்டை ஒப்படைத்திருப்பார், பாத்திரங்களைக் கொடுத்திருப்பார், குடும்ப அட்டையிலிருந்து பெயர் போயிருக்கும். ‘கடைசி வரைக்கும் இங்கேயே இருக்கலாம்’ என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவும் நடக்கிறது. அதை யாரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தராவிட்டாலும், கட்டிலும் தட்டும் கொடுத்தபோதே அந்த வாக்கும் கொடுக்கப்பட்டுவிட்டது. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் இதே கேள்வி நீதிமன்றம் வரை போனது. கடும் உடல் ஊனமுற்ற சிலரை 1993இல் மார்டன் ஹவுஸ் என்ற இல்லத்துக்கு மாற்றிய அரசு சுகாதார அமைப்பு, விரும்பும்வரை அங்கேயே வாழலாம் என்று அவர்களுக்கு உறுதி சொல்லியிருந்தது. 1998இல் செலவைக் காரணம் காட்டி அதை மூட முடிவெடுத்தது. மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம், சொன்ன சொல்லை அதைவிடப் பெரிய பொதுநலக் காரணம் எதுவும் இல்லாமல் மீறுவது அதிகார அத்துமீறல் என்று தீர்ப்பளித்தது. பணம் மிச்சமாகும் என்ற ஒன்று மட்டும் வாக்கை ரத்துசெய்யப் போதாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் தொழில் பகுதியில் இந்தக் கேள்வி ஏட்டளவில் நிற்பதல்ல. டேனரிகளில் சுண்ணாம்புத் தொட்டிக்கும் உருளைக்கும் நடுவே முப்பது வருடம் நின்றவர் 58 வயதில் வெளியே வரும்போது அவர் கையில் என்ன இருக்கும்? வைப்புநிதித் திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 முதல் மாதம் 1,000 ரூபாய்தான். அதுகூட இல்லாமல் ஒப்பந்தக் கூலியாகவே காலம் தள்ளியவர்களுக்கு மாநில அரசின் முதியோர் உதவித்தொகை. அது 2023இல்தான் 1,200 ரூபாய் ஆனது. மகளும் மருமகளும் காலையில் கம்பெனி பஸ்ஸில் ஷூ கம்பெனிக்குப் போய்விட்டால், பகல் முழுக்க வீட்டில் முதியவர் தனியாள். படுக்கையில் விழுந்துவிட்டால் அந்தக் குடும்பத்தின் ஒரு சம்பளம் நின்றுபோகும். ஆதரவற்ற முதியோருக்கு மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது, அதுவும் 150 பேர் தங்கும்படி, அமைக்கலாம் என்று 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ‘அமைக்கலாம்’ என்ற அந்த ஒரு சொல்லில் எத்தனை பேருடைய முதுமை தொங்கிக்கொண்டிருக்கிறது! 2019இல் வேலூர் மூன்று மாவட்டங்களாகப் பிரிந்தபின் இந்தத் தோல் பகுதியும் மூன்று ஆட்சியர்களின் கீழ் வந்துவிட்டது. ஆம்பூர் திருப்பத்தூரோடு, பேரணாம்பட்டு வேலூரோடு. பக்கத்து ஊர்தான், ஆனால் கோப்பு வேறு, அலுவலகம் வேறு.

இப்பகுதியில் ஒரு காப்பகம் மூடப்படுவதாக வைத்துக்கொள்வோம். வீட்டில் உருது பேசி வளர்ந்த, தமிழ் அரைகுறையாகத் தெரிந்த ஒரு மூதாட்டி தூரத்து மாவட்டத்துக்கு மாற்றப்படுகிறார். வேறு யாரோ அவசரத்தில் கட்டிய பையில் மூக்குக்கண்ணாடி விட்டுப்போயிருக்கிறது. மாத்திரை அட்டையைப் பெயர் இருந்த பக்கமாகவே கத்திரித்திருக்கிறார்கள். மிச்சமுள்ள நான்கு மாத்திரைகள் சர்க்கரைக்கா, ரத்த அழுத்தத்துக்கா என்று புதிய இடத்துப் பணிப்பெண்ணுக்குத் தெரியாது. மூதாட்டி சொல்லும் உருதுச் சொல் அங்கே யாருக்கும் புரியாது. ரம்ஜான் வந்தால் விடியுமுன் சஹருக்கு எழுப்பிச் சோறு போட ஆளில்லை. உதவித்தொகை பழைய தாலுகாவில் வருகிறது. கைரேகை வைக்க அவர் அங்கே இல்லை. பட்டியலில் எல்லாம் சரியாகவே இருக்கும்: ஒரு ஆள், ஒரு கட்டில், மூன்று வேளை உணவு. பட்டியலில் இல்லாதவைதான் அவருடைய வாழ்க்கை.

இடமாற்றத்தால் உயிருக்கே ஆபத்து உண்டா என்பது பழைய ஆராய்ச்சிக் கேள்வி. சிகாகோவில் ஒரு இல்லம் மூடப்பட்டபோது வெளியேற்றப்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 1963இல் வெளியான ஆய்வு, எதிர்பார்த்ததைவிடக் கூடுதலானவர்கள் இறந்ததைக் காட்டியது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அதே முடிவைச் சொல்லவில்லை. முன்கூட்டிச் சொல்லி, புதிய இடத்தைக் காட்டி, தெரிந்தவர்களோடு சேர்த்து அனுப்பிய இடங்களில் பாதிப்பு குறைவாகவே இருந்திருக்கிறது. மூடுவது கூடவே கூடாது என்று வாதிடுவதற்கு இந்த ஆய்வுகள் உதவாது. மூடும் விதம் உயிரோடு சம்பந்தப்பட்டது என்பதை மறுக்கவும் அவை இடம் தராது.

கொடுமை நடக்கும் இடத்தில் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது, சாவகாசமாகக் கலந்து பேச நேரம் ஏது என்பது முதல் எதிர்வாதம். வலுவான வாதம்தான். ஆனால் உடனே நிறுத்த வேண்டியது கொடுமையை. அதற்கு முதியவர்களை உடனே அகற்ற வேண்டும் என்று எப்போதும் அவசியமில்லை. நிர்வாகத்தை வெளியேற்றிவிட்டு, அதே கட்டிடத்தில் அரசே சில வாரம் செவிலியரையும் சமையலாளையும் வைத்து நடத்தலாம். கூரையே இடிந்து விழும் நிலை என்றால் அன்றே மாற்றத்தான் வேண்டும். அப்போதும் பேசிக் கேட்க வேண்டியதைப் பிறகாவது கேட்டாக வேண்டும். அவசரம் கடமையைத் தள்ளிப்போடும், தள்ளுபடி செய்யாது. பத்துப் பேருக்காக ஒரு கட்டிடம், ஒரு காவலாளி, ஒரு சமையலாளா என்று கேட்பவர்களும் நியாயமான கணக்கைத்தான் கேட்கிறார்கள். பொதுப்பணம் பொறுப்போடு செலவாக வேண்டும். அப்படியானால் முடிவை வெளிப்படையாக அறிவித்து, மாற்றும் செலவையும் அந்தக் கணக்கிலேயே சேர்க்கட்டும். நடைமுறையில் வேறொன்று நடக்கிறது: புதியவர்களைச் சேர்ப்பதில்லை, காலியான பணியிடத்தை நிரப்புவதில்லை, ஆட்கள் குறைந்து குறைந்து ஒருநாள் தானாகவே பூட்டு விழுகிறது. மூட யாரும் ஆணையிடவில்லை என்பதால் பொறுப்பேற்கவும் யாரும் இல்லை. வெளிப்படையாக மூடுவதைவிட இதுவே பெரிய அநீதி.

பெற்றவர்களைப் பிள்ளைகள்தான் பார்க்க வேண்டும், காப்பகமே நம் பண்பாட்டுக்கு இழுக்கு என்பவர்களும் உண்டு. பிள்ளைகளின் கடமையை யாரும் மறுக்கவில்லை. 2007 சட்டமே அதைச் சிவில் நீதிமன்றத்துக்குப் போகாமல் கேட்டுப் பெற வழிசெய்கிறது. பிள்ளையே இல்லாதவருக்கும், பிள்ளையே மாதக் கூலியில் மூச்சுத் திணறும் வீட்டுக்கும் அந்த உபதேசத்தால் என்ன கிடைக்கும்? அறிவு தடுமாறியவர்களிடம் என்ன கருத்துக் கேட்பது என்ற சந்தேகமும் எழும். ஊர் பெயரும் தேதியும் மறந்தவருக்குக்கூடத் தினமும் தன் தலையைச் சீவிவிடுபவர் யார் என்பது தெரியும். அதைக் கேட்பதற்குப் பெரிய மருத்துவத் தகுதி வேண்டாம், அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

ஒவ்வொருவராக எண்ணி ஈடுசெய்வது நடக்கிற காரியமா என்றால், அதற்கு முன்மாதிரி இதே பாலாற்றங்கரையில் இருக்கிறது. 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல அமைப்பின் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதன்படி அமைந்த ஆணையம், டேனரிக் கழிவால் நிலமும் கிணறும் பாழானவர்களைக் கணக்கெடுத்து, 2001இல் 29,193 பேருக்கு இழப்பீடு நிர்ணயித்தது. எல்லாருக்கும் முழு நியாயம் கிடைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. அதே ஆற்றின் மாசு பற்றி 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. ஆனாலும் சேதம் மொத்தமாக இல்லை, ஆள் ஆளாக நேர்கிறது என்ற கொள்கை இங்கே ஒருமுறை ஏற்கப்பட்டிருக்கிறது. உப்பேறிய கிணற்றுக்குப் பொருந்தியது கிழவிக்கும் கிழவனுக்கும் பொருந்தும். மூடும் ஆணையோடு ஒரு பதிவேடும் போக வேண்டும்: பேசும் மொழி, சாப்பிடும் சாப்பாடு, மாத்திரையின் பெயர், உதவித்தொகை மாற்றப்பட்ட தேதி, எங்கே போக விரும்பினார், எங்கே அனுப்பப்பட்டார், மூன்று மாதம் கழித்து நேரில் போய்ப் பார்த்த அதிகாரியின் கையெழுத்து. அதே பக்கத்தில் இன்னொரு கட்டமும் வேண்டும்: பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் யார், அவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார்.