அடைக்கலப் பொருளும் பொய்யாமை விரதமும்



பிறர் பொருளைத் தனதாக்கிக் கொள்வது எந்த அணுவிரதத்திற்குக் கேடு என்று வினவினால், கள்ளாமைக்கு என்று சிறுபிள்ளையும் விடை கூறும். ஆயினும் நம் ஆசாரியர்கள் ஒரு செயலை மட்டும் அவ்விடத்தில் வைத்திலர். நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளை அபகரித்தலாகிய நியாசாபகாரத்தை, தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாசுவாமிகள் பொய்யாமையின் ஐந்து அதிசாரங்களுள் ஒன்றாக எண்ணினார். சமந்தபத்திரரும் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அவ்வாறே கொண்டார்.

காரணம் என்ன? சர்வார்த்தசித்தி உரையில் பூஜ்யபாதர் அதனை விளக்குகிறார். பொன்னை அடைக்கலமாக வைத்தவன், தான் வைத்த அளவை மறந்து, குறைத்துக் கேட்கிறான். பெற்று வைத்திருந்தவன், "ஆம், அவ்வளவே" என்று உடன்படுகிறான். அவன் பூட்டை உடைத்தானில்லை. இரவில் சுவர் ஏறினானில்லை. குற்றம் முழுவதும் அந்த "ஆம்" என்னும் ஒரு சொல்லில் அடங்கிவிட்டது.

பொன்னை அடைக்கலம் வைப்பது இக்காலத்தில் அரிது. வீட்டையும் நிலத்தையும் வைப்பது மிகுதி. வந்தவாசி, ஆரணி, செஞ்சிப் பக்கத்து ஊர்களில் நம் முன்னோர் வாழ்ந்த வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. நன்செய் நிலங்கள் உறவினர் பொறுப்பில் உள்ளன. எங்கள் இராசிபுரத்திலும் மரவள்ளித் தோட்டம், தறிக்கூடம், வாடகை வீடு ஆகியவற்றை ஒருவர் கையில் விட்டுவிட்டு வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழ்வோர் உளர். அவ்வாறு பொறுப்பேற்பவரை முன்பு காரியஸ்தர் என்றோம்.

அவர் படும் பாடு எளிதன்று. நள்ளிரவில் தண்ணீர்த் தொட்டி ஒழுகினாலும் அவர் கதவுதான் தட்டப்படும். குடியிருப்பவர் அவரை உரிமையாளரின் ஆள் என்பர். உரிமையாளரோ குடியிருப்பவருக்குப் பரிந்து பேசுகிறார் என்பார். வாடகை தவறியவர் நோயுற்ற குழந்தையோடு நிற்கும்போது, காலி செய்யச் சொல்லும் வாய் கருணையுள்ள எவர்க்கும் கூசும். அதற்காக உரிமையாளர் அறியாமல் வாடகையைத் தள்ளுபடி செய்தால் அது தானமாகாது. பிறர் பணத்தில் தானம் செய்வது எளிது! உள்ளதை உரிமையாளரிடம் உரைத்து, தவணை வேண்டிப் பெறுவதே முறை; இயன்றால் தம் பொருளிலிருந்து உதவலாம்.

இதனினும் நுண்ணிய இடர் ஒன்றுண்டு. வெள்ளையடித்த கூலியோடு சிறிது கூட்டிப் பற்றுச்சீட்டு எழுதித் தர ஆட்கள் ஆயத்தமாக இருப்பர். பொய்யாவணம் எழுதுதலாகிய கூடலேகக் கிரியையும் அதே ஐந்து அதிசாரங்களுள் ஒன்று என்பதை நினைவில் கொள்க. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து வாடகை அதிகாரியிடம் பதிவு பெறவேண்டும் என்கிறது. நல்லதே. ஆனால் தோப்பில் எத்தனை தென்னை நின்றன என்பதை மறந்துவிட்ட உரிமையாளரை எந்தச் சட்டம் காக்கும்?

சோழர் காலக் கல்வெட்டுகளில் "சாவா மூவாப் பேராடு" என்னும் தொடர் வருகிறது. ஒரு நந்தாவிளக்கிற்கு 96 ஆடுகளை இடையரிடம் ஒப்படைப்பர். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். ஆடுகள் சாவாமலா இருந்தன? செத்ததற்கும் மூத்ததற்கும் ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து எண்ணிக்கையை நிறைவு செய்தனர். எஞ்சிய பயன் அவர்க்குரியது. நெய்க்குப் பெயர் பெற்ற ஊரில் வாழ்வதாலோ என்னவோ, இச்செய்தி எனக்கு மிகவும் உவப்பானது. ஊதியம் பெறுவது இழுக்கன்று. முன்னரே பேசி வெளிப்படையாகப் பெறுவதில் மனம் நிராகுலமாக இருக்கும். மாலையில் சாமாயிகத்தில் அமரும்போது, காட்டாத கணக்கொன்று இடையில் வந்து நில்லாது. இப்பணியில் கிட்டும் பெரும்பேறு அதுவே.

உரிமையாளர்களுக்கும் கடமையுண்டு. கதவு, நிலை, பித்தளைப் பாத்திரம், மரம் அனைத்தையும் எண்ணிப் பட்டியல் எழுதி, இருவரும் கையொப்பமிட்டுப் படி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். உரிய ஊதியத்தைக் காலந்தவறாது அனுப்புங்கள். பொறுப்பாளர்களே, உதிர்ந்த தேங்காய் இருபது என்றால் ஏட்டில் இருபது என்றே எழுதுங்கள். அவற்றுள் இரண்டை உங்கள் அடுக்களைக்கு எடுத்துக்கொண்டால் அதனையும் அடுத்த வரியில் எழுதிவிடுங்கள்.