உழைச்செல்வான் அறம்: நோயுற்ற துணையும் சிகிச்சை முடிவும்

முன்னுரை

புற்றுநோயுற்ற வாழ்க்கைத்துணையின் அருகிலிருப்பவர் சிகிச்சை முடிவில் எவ்வளவு பங்கு கொள்ளலாம்? துணைநிற்றல் எங்கே முடிந்து, மேலாண்மை எங்கே தொடங்குகிறது? திருக்குறளின் மருந்து அதிகாரத்தையும் கேரள எல்லைத் தமிழரின் வாழ்நிலையையும் இணைத்து இவ்வினாவை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

நாற்கூற்று மருத்துவம்

மருந்து அதிகாரத்தின் இறுதிக்குறள் (950) நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என மருத்துவத்தை நான்காக வகுக்கிறது. 'உழை' என்பது பக்கம். பக்கத்திலிருந்து மருந்து இயற்றித் தருபவனே உழைச்செல்வான். இக்கூறுகள் ஒவ்வொன்றுக்கும் நான்கு இயல்புகளைப் பரிமேலழகர் சுட்டுகிறார். தன் நோய்நிலையை உணர்த்துதல் நோயாளிக்கு உரியது. அன்பும் அறிவும் உழைச்செல்வானுக்கு உரியவை. மருத்துவன்வழி நிற்றலும் நோயாளிக்கு விதிக்கப்படுவதால், இக்காலத் தன்னுரிமைக் கருத்தை அவ்வுரையில் ஏற்றிக் காண்பது பொருந்தாது. எனினும் நோயாளி மருத்துவத்தின் வெறும் செயப்படுபொருள் அல்லர், அதன் ஒரு கூறு என்பது தெளிவு. தன் நோய் இன்னதென்று அறியாதவர் அதன் நிலையை எவ்வாறு முழுமையாக உணர்த்த இயலும்?

எல்லைப்புறத்தில் மொழிபெயர்ப்பு

1956வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் அடங்கியிருந்தது பாலக்காடு. அங்கு வாளையாற்றை அடுத்துள்ள தொழிற்பகுதி கஞ்சிக்கோடு. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து மணமாகி அங்கு வந்த ஒரு பெண்ணுக்குத் தொடக்கநிலை மார்பகப் புற்றுநோய் எனக் கொள்வோம். மருத்துவர் மலையாளத்தில் பேசுகிறார். ஆய்வறிக்கை ஆங்கிலத்தில் உள்ளது. ஆலையில் பணிபுரிந்து மலையாளம் பழகிய கணவர் இடையில் நின்று தமிழில் சொல்கிறார். தேவிகுளம், பீருமேடு தோட்டப்பகுதிகளிலும் இந்நிலை எழக்கூடும்.

மார்பை முழுமையாக அகற்றலாம். அல்லது கட்டியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு பெறலாம். தகுதியுடைய தொடக்கநிலை நோயாளிகளுக்கு இவ்விரு வழிகளிலும் உயிர்வாழும் வாய்ப்பு ஒத்தே இருப்பதை, 2002இல் வெளியான இருபதாண்டுத் தொடராய்வுகள் இரண்டு காட்டின. எனவே தெரிவு மருத்துவத்தால் மட்டும் அமைவதன்று. வாரம் ஐந்து நாளாகச் சில வாரம் கதிர்வீச்சுக்குக் கோயம்புத்தூருக்கோ திருச்சூருக்கோ சென்றுவர வேண்டும். பிள்ளைகளை யார் பார்ப்பது, வேலைநாள் இழப்பை எவ்வாறு ஈடுசெய்வது என்பனவும் கணக்கில் வரும். தன் உடலைப் பற்றிய அப்பெண்ணின் எண்ணமும் உண்டு. கணவர் அன்பினாலேயே, "எடுத்துவிடுவதுதான் நல்லது என்கிறார்" என்று சுருக்கிச் சொன்னால், இரண்டாம் வழி அவர் செவிக்கு எட்டுவதே இல்லை. அங்கே மொழிபெயர்த்தவரே முடிவெடுத்தவர் ஆகிவிடுகிறார். பொய் ஒன்றும் சொல்லப்படவில்லை; ஆயினும் தெரிவு பறிபோயிற்று.

சட்டமும் அறமும்

உச்சநீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் இதனோடு தொடர்புடைய சிக்கலை ஆராய்ந்தது. ஆய்வுக்காக மயக்கமூட்டப்பட்டிருந்த பெண்ணின் கருப்பை, தாயின் ஒப்புதலைப் பெற்று அகற்றப்பட்டது. உயிருக்கு உடனடி இடர் இல்லாத நிலையில், தானே முடிவெடுக்கவல்லவரின் ஒப்புதலுக்குத் தாயின் ஒப்புதல் மாற்றாகாது என நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அது புற்றுநோய் வழக்கன்று. எனினும் நெறி இங்கும் பொருந்தும். ஆனால் சட்டம் கையொப்பத்தையே காக்கவல்லது. கையொப்பத்திற்கு முன் வீட்டில் சொல்லப்பட்டதும் சொல்லாமல் விடப்பட்டதும் அறத்தின் எல்லைக்குள் வருவன.

"எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நோயுற்றவரே கூறினால் என்ன செய்வது என்னும் மறுப்பு எழலாம். அவ்வாறு ஒப்படைத்தலும் அவர் எடுக்கும் முடிவே. அதனை மதித்தல் வேண்டும். ஆயின் அறுவைக்குமுன் சொன்னது மருந்தேற்றும் காலத்திற்கும் பொருந்துமெனக் கொள்ளலாகாது. ஒவ்வொரு கட்டத்திலும் மீண்டும் கேட்பது கடன். கேளாமலே ஒப்படைப்பை ஊகித்துக்கொள்வது வேறு.

முடிவுரை

எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று முதலில் கேட்டல், மருத்துவர் கூறியதைக் குறைக்காமல் பெயர்த்தல், தன் அச்சத்தை மருத்துவக் கருத்தாகக் காட்டாமல் தன் அச்சமென்றே கூறல் ஆகிய மூன்றும் உழைச்செல்வானின் அறம் எனலாம். நான்காவது, இவற்றினும் கடினமானது: தான் விரும்பாத வழியைத் துணை தேர்ந்தபோதும் பக்கம் விட்டு அகலாதிருத்தல். பக்கத்தில் இருப்பவர் என்னும் பொருள் அச்சொல்லிலேயே உள்ளது. நோயாளியின் இடத்தில் இருப்பவர் என்னும் பொருள் அதற்கு இல்லை.